சோழியும் வாக்கியமும்: புதுச்சேரியில் கணித்த கிரகணம்

கணக்கின் வரலாறு: 14-ஆம் பகுதி

கிரகணத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லுதல், கணிதம் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்கிய மிகப் பழைய வழிகளுள் ஒன்றாகும். நிலவு எந்த நாழிகையில் மறையத் தொடங்கும், எவ்வளவு நேரம் மறைந்திருக்கும், எப்போது விடுபடும் என்பவை தெரிந்தால்தான் கோயில் நடை சாத்தும் நேரத்தையும் நீராடும் நேரத்தையும் தர்ப்பண நேரத்தையும் குறிக்க முடியும் என்பதால், பஞ்சாங்கம் எழுதுவோருக்கு இக்கணிப்பு தவிர்க்க முடியாத கடமையாக இருந்தது. சென்ற பகுதியில் விவரிக்கப்பட்ட நில அளவைக் கணக்கில் பிழை நேர்ந்தால், அது கணக்கப்பிள்ளைக்கும் குடியானவருக்கும் இடையிலான வழக்கோடு முடிந்துவிடும். கிரகணக் கணக்கில் நேரும் பிழையையோ ஊர் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கண்டுகொள்ளும். இத்தகைய கடுமையான தேர்வுக்கு ஆளான ஒரு கணித முறை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் புதுச்சேரியில் எவ்வாறு இயங்கியது என்பதே இப்பகுதியின் பொருள்.

கணக்கின் கடினம் சூரியனால் நேர்வதைவிட நிலவால் நேர்வதே அதிகம். சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நகர்வதாகத் தோன்றுகிறது. நிலவோ பூமிக்கு மிகத் தொலைவில் உள்ளபோது நாளுக்குச் சுமார் 12 பாகையும், மிக அருகில் உள்ளபோது 15 பாகையை ஒட்டியும் நகர்கிறது. வேகம் குறைந்து, கூடி, மீண்டும் அதே குறைந்த நிலைக்குத் திரும்ப அதற்கு ஆகும் காலம் சுமார் 27.55 நாள், பழைய நூல்களின் மொழியில் சொன்னால், இது நிலவு தன் உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடையும் காலம். இக்கால அளவு முழு எண்ணாக அமையாததால், ஒரு சுற்றுக்குரிய அட்டவணையை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த இயலாது. இரண்டாம் சுற்று அரை நாள் தள்ளித் தொடங்கும். மூன்றாம் சுற்று மேலும் தள்ளிப்போகும். இந்தச் சிறு பின்னத்தை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் முறையின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இம்முறையை நேரில் கண்டு ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதியவர்களுள் முக்கியமானவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தீ. சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து செல்வதைப் பார்ப்பதற்காக 1760-இல் பிரான்சை விட்டுப் புறப்பட்ட அவருக்கு, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் 1761-இல் அக்காட்சியை ஆடும் கப்பலின் தளத்திலிருந்தே பார்க்க நேர்ந்தது. அளவை எதுவும் பயன்படவில்லை. அடுத்த வாய்ப்புக்காகக் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்து, 1768-இல் புதுச்சேரிக்கு வந்து வானாய்வுக் கூடமும் அமைத்துக்கொண்ட பின், 1769 ஜூன் 4 காலையில் மேகம் வந்து சூரியனை மூடிவிட்டது. ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் வரலாற்று நூல்கள் இந்தத் துயரக் கதையையே பெரிதாகச் சொல்வது வழக்கம். ஆனால் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் அவர் செய்த பயனுள்ள வேலை வேறொன்று: தமிழர்களிடம் அமர்ந்து அவர்களுடைய வானியல் கணக்கைக் கற்றுக்கொண்டதும், அதைத் தம் பயண நூலில் விரிவாக எழுதிவைத்ததும் ஆகும். பேனாவோ காகிதமோ இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, எந்த ஏட்டையும் புரட்டாமல் அவர்கள் கணித்த வேகம் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் மொத்தக் கால அளவைத் தமிழ் முறை 41 விநாடி குறைவாகவும், அக்காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த நிலவு அட்டவணையாகிய டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகவும் காட்டியதாக லெ ஜாந்தீ ஒப்பிட்டார். இந்த ஒப்பீட்டைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் கட்டுரைகள் தமிழில் ஏராளம். எனினும் அதைக் கொண்டு தமிழ் முறை மேயரின் முறையை வென்றதாக முடிவுகட்டுவது பொருந்தாது. கிரகணத்தின் கால அளவு வேறு, அது நிகழும் நேரம் வேறு. தொடக்கமும் முடிவும் ஒரே அளவு தள்ளிப்போனாலும் கால அளவு சரியாகவே வரும். மேலும் பூமியின் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இல்லாததால், நிலவு நிழலுக்குள் நுழைந்த கணத்தை ஒரு விநாடிவரை துல்லியமாகக் கண்ணால் குறிப்பதே அரிது. ஒரே ஒரு கிரகணத்தில் நேர்ந்த நல்வாய்ப்பை அம்முறையின் பொதுத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குச் சான்று, அதே ஊரில் அறுபது ஆண்டுகள் கழித்து நடந்த மற்றொரு கணிப்பில் கிடைக்கிறது.

அந்தக் கணிப்பைப் பதிவு செய்தவர் ஜான் வாரன். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அவர், 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். தென்னிந்தியாவில் வழங்கிய காலக் கணக்கு முறைகள் அனைத்தையும் தொகுத்து அவர் எழுதிய 'கால சங்கலித' என்னும் பெருநூல் 1825-இல் சென்னையில் அச்சானது. அவருடைய வேண்டுகோளின்படி, புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளை வைத்துக் கணித்துக் காட்டினார். விடையில் தொடக்க நேரம் 4 நிமிடமும், நடு நேரம் 23 நிமிடமும், முடிவு நேரம் 52 நிமிடமும் பிழைபட்டிருந்தன. முதலாவது பிழை ஒரு திசையிலும் மற்ற இரண்டும் அதற்கு எதிர்த் திசையிலும் அமைந்தன. அதாவது கால அளவில் மட்டும் 56 நிமிட வேறுபாடு; லெ ஜாந்தீ கண்ட 41 விநாடி எங்கே, இது எங்கே.

கணித்தவரைப் பற்றி வாரன் தந்த குறிப்பே, பின்னாளில் பலரும் எடுத்தாண்டது. அவருக்கு இந்திய வானியலின் கோட்பாடுகளில் ஒன்றுகூடத் தெரியாது என்றும், ஆனால் வியக்கத்தக்க நினைவாற்றலும், கணக்கின் படிகளை மனத்திலும் தரையிலும் தெளிவாக வரிசைப்படுத்தும் திறனும் வாய்த்திருந்தன என்றும் வாரன் எழுதினார். பாராட்டும் குறையும் கலந்த இக்குறிப்பில் குறையாகச் சொல்லப்பட்ட பகுதியே கணிமுறை வரலாற்றுக்கு மிக முக்கியமானது. கோட்பாடு அறியாத ஒருவர், தாளில் ஓர் எழுத்தும் எழுதாமல், கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிடப் பிழையோடு சொல்ல முடிந்தது என்றால், அந்த அறிவு முழுவதும் எங்கே வைக்கப்பட்டிருந்தது? படிகளாகப் பிரிக்கப்பட்ட செய்முறைக்குள்ளும், நினைவில் நிறுத்தத்தக்க சொற்களுக்குள்ளும் அது முன்னரே வைக்கப்பட்டிருந்தது என்பதே விடை.

அச்செய்முறைக்கு வாக்கிய முறை என்று பெயர். இதில் வாக்கியம் என்பது, உச்சத்திலிருந்து புறப்பட்ட நிலவு இத்தனையாவது நாளில் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்ற எண்ணைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு சிறு சொற்றொடர். வரருசியின் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்கள் மொத்தம் 248. முதல் வாக்கியம் தரும் எண் 12 பாகை 3 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது மெதுவாகச் செல்லும் நிலவின் முதல் நாள் பயணம். அட்டவணையை ஏன் சரியாக 248-இல் நிறுத்தினார்கள் என்பதற்குக் காரணம், 27.55 நாள் கொண்ட சுற்றுகள் ஒன்பது சேர்ந்தால் 248 நாளுக்கு வெறும் 13 நிமிடம் மட்டுமே குறைவு என்பதாகும். எனவே 248 நாள் முடிந்தவுடன் நிலவின் வேகம் பழைய நிலைக்கே திரும்பிவிட்டதாகக் கொண்டு, அட்டவணையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். நிலவின் இருப்பிடம் மட்டும் 27 பாகை 44 கலை முன்னேறியிருக்கும், அதைக் கூட்டிக்கொண்டால் போதும். இவ்வாறு கூட்டப்படும் மாறா எண்ணுக்குத் துருவம் என்று பெயர்.

அந்த 13 நிமிடம் சிறிதுதான் என்றாலும், நூற்றாண்டுக் கணக்கில் அது சேர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க இன்னும் பெரிய நாள்கட்டுகள் தேவைப்பட்டன. 110 சுற்றுகள் கொண்ட 3,031 நாள் கட்டில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கும் மேலே 449 சுற்றுகள் கொண்ட 12,372 நாள் கட்டு, மிகப் பெரிய நாள்தொகையையும் விரைவில் கரைக்க உதவியது. இவ்வெண்களுக்கு இடையிலான உறவு கவனிக்கத்தக்கது. 28 நாள் ஒரு சுற்று, 55 நாள் இரண்டு சுற்று என்ற முரட்டு மதிப்பீடுகளிலிருந்து தொடங்கினால், 55-ஐ நான்கு முறை எடுத்து 28-ஐக் கூட்ட 248 கிடைக்கிறது. 248-ஐப் பன்னிரண்டு முறை எடுத்து 55-ஐக் கூட்ட 3,031. 3,031-ஐ நான்கு முறை எடுத்து 248-ஐக் கூட்ட 12,372. சுற்றுகளின் எண்ணிக்கையும் இதே வாய்பாட்டின்படி 1, 2, 9, 110, 449 என்று வளர்கிறது. முழு எண்ணில் அடங்காத ஓர் அளவை, மேலும் மேலும் நெருங்கும் பின்னங்களால் பிடிக்கும் இவ்வழியை இன்றைய பாடநூல்கள் தொடர் பின்னம் என்ற தலைப்பில் கற்பிக்கின்றன.

செய்முறை இயங்கும் விதத்தை மேற்கண்ட கிரகண நாளையே கொண்டு காட்டலாம். கலியுகத் தொடக்கத்திலிருந்து 1825 மே 31 சூரிய உதயம்வரை கழிந்த நாள்கள், இன்றைய நாள்கணக்கின்படி, 17,99,312. இதிலிருந்து முதலில் 16,00,984-ஐக் கழிக்க வேண்டும், இது கி.பி. 1282 மே 22-இல் நிறைவுறும் நாள்தொகை, அதுவரையிலான நிலவின் நிலை ஒரே துருவமாக முன்னரே கணித்து வைக்கப்பட்டுவிட்டது. மீதி 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை அடங்க, மீதி 376. அதில் 3,031 அடங்காது. 248 ஒரு முறை அடங்க, மீதி 128. ஆகவே கணிப்பவர் செய்ய வேண்டியது, முதல் துருவத்தோடு 12,372-க்குரிய துருவத்தைப் பதினாறு மடங்காகவும் 248-க்குரிய துருவத்தை ஒரு முறையும் கூட்டி, 128-ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்துச் சேர்ப்பது மட்டுமே. நிலவின் இடம் கிடைத்துவிடும். 129-ஆம் வாக்கியத்திலிருந்து 128-ஐக் கழித்தால் அன்றைய வேகமும் கையில் வந்துவிடும். சூரியனுக்கு இதைவிட எளிய அட்டவணை உண்டு. நிலவும் சூரியனும் நேர் எதிரே, அதாவது 180 பாகை இடைவெளியில், வர எவ்வளவு தூரம் குறைகிறது என்று பார்த்து, நாளுக்கு 60 நாழிகை என்ற கணக்கில் மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் திரைராசிக விதியைப் பயன்படுத்தினால், பௌர்ணமி முடியும் நாழிகை தெரியும். ராகுவின் இடத்தையும் நிழலின் அகலத்தையும் கொண்டு செய்யும் எஞ்சிய கணக்கு நீளமானது என்றாலும், அதுவும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கைத் தாண்டிப் போவதில்லை.

248 எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது எப்படி என்பதற்குத் தென்னாடு கண்ட விடை, எண்ணைச் சொல்லாக மாற்றும் கடபயாதி முறை. வடமொழி மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு: க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்றைக் குறிக்கும் என்பதால்தான் இப்பெயர் வந்தது. சொல்லிலுள்ள எழுத்துகளின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படித்தால் எண் கிடைக்கும். மேலே கண்ட நாள்கட்டுகளின் பெயர்களே இதற்கு எடுத்துக்காட்டு. 'தேவரம்' என்பதில் தே 8, வ 4, ர 2. திருப்பிப் படித்தால் 248. 'காலாநலம்' என்பதில் கா 1, லா 3, ந 0, ல 3, திருப்பினால் 3,031. 'ரசகைரிக' என்பதில் ர 2, ச 7, கை 3, ரி 2, க 1, திருப்பினால் 12,372. கட்டின் பெயரைச் சொன்னாலே கட்டின் அளவு வந்துவிடுகிறது. வாக்கியங்கள் பொருளுள்ள தொடர்களாக அமைந்ததால் மற்றொரு நன்மையும் கிடைத்தது: ஓர் எழுத்து தவறினால் பொருள் கெட்டு, பிழை தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே தமிழ் எழுத்தால் நேரும் ஒரு சிக்கலும் உண்டு. 'ரசகைரிக' என்ற சொல்லில் வரும் இரண்டு ககரங்களுள் முன்னது மெல்லொலி, அதன் மதிப்பு 3. பின்னது வல்லொலி, அதன் மதிப்பு 1. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தாலேயே எழுத முடியும் என்பதால், தமிழ் எழுத்தில் எழுதிய வாக்கியத்தைப் பார்த்து எண்ணைப் படிக்க முயல்பவர் தடுமாறுவார். வடமொழி ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கிரந்த எழுத்தோ, குருவின் வாயிலிருந்து கேட்டுப் பழகிய காதோ இல்லாமல் இந்த அட்டவணை பயன்படாது. தமிழகத்தில் இக்கலை ஏட்டைவிட நாவையும் செவியையும் நம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

சோழிகளின் பங்கு எளிமையானது. நினைவிலிருந்து எடுக்கப்படும் எண் தரையில் வரிசையாக வைக்கப்படும். கூட்டும்போதும் கழிக்கும்போதும் சோழிகள் நகர்த்தப்படும். இடைநிலை விடைகள் அங்கேயே அடுத்த படிக்குரிய எண்களாக உருமாறிவிடும். அழிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். வேகம் இதனால் கிடைத்தது; ஆனால் கணக்கு முடியும்போது தரையில் விடை மட்டுமே எஞ்சியிருக்கும், அதற்கு வந்த வழி எங்கும் பதிவாகியிருக்காது.

பஞ்சாங்கக் குடும்பங்களின் கல்வி தனி வழியில் வந்தது என்றாலும், நினைவையே கருவியாக்கும் இப்பழக்கம் ஊர்ப்புறத் திண்ணைப் பள்ளியிலும் வேரூன்றியிருந்தது. அங்கு மணலில் விரலால் எண் எழுதத் தொடங்கும் சிறுவன், முதலில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும், பிறகு எண்சுவடியும் குழிமாற்றும் என்று படிப்படியாக ஏறிச் செல்வான். பொன்னிலக்கத்தின் அடிப்படை அலகு முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. இது ஏன் 320 என்று இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: காலும் அரைக்காலும் மாகாணியும் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டிச் செல்லும் வரிசை, மாவும் காணியும் இருபதின் வழி வரும் வரிசை, இரண்டுக்கும் பொதுவாக மீதியின்றி வகுபடும் எண் அது. இருபதில் ஒன்றாகிய மாவும் எண்பதில் ஒன்றாகிய காணியும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று வருகிறது. அதன் பெயரே மாகாணி. பின்னக் கூட்டலின் விடையைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்ட இந்த மொழிக்கும், நாள்கட்டின் அளவைப் பெயருக்குள் வைத்த வாக்கிய முறைக்கும் உறவு இல்லை என்று சொல்ல முடியாது.

நெல்லிலக்கமோ களத்துமேட்டிலிருந்து வந்தது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்ற ஏணியில் சிறுவன் மேலும் கீழும் ஏறி இறங்கப் பழகுவான். எண்சுவடி ஏடுகளில் வாய்பாட்டின் முடிவில் பெருக்குத்தொகைகளின் கூட்டுத்தொகையும் இடம்பெறுவது உண்டு. இரண்டாம் வாய்பாட்டைப் பத்துவரை சொன்னவன், எல்லாவற்றையும் கூட்டி 110 என்று முடிப்பான். நடுவில் ஒன்று தவறியிருந்தால் கடைசித் தொகை இடிக்கும். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்லும் இப்பள்ளிகளின் முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், தம் பொறுப்பிலிருந்த அநாதைச் சிறுவர் பள்ளியில் அதைப் பயன்படுத்தி, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், மூலப் பள்ளிகள் வெறும் உருப்போடும் இடங்கள் என்று இங்கே பழிக்கப்பட்டன என்பது காலனியக் கல்வி வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

கோட்பாடு தெரியாமல் கணிப்பவர்களை இழிவாகக் கருதிய ஐரோப்பாவே அதே தலைமுறையில் அத்தகையவர்களைத் திட்டமிட்டு உருவாக்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1790-களில், மடக்கை அட்டவணைகளைப் புதிதாகக் கணிக்கும் பொறுப்பை ஏற்ற காஸ்பார் தெ ப்ரோனி, வேலையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: சூத்திரங்களை வகுக்கும் சில கணித மேதைகள்; அவற்றை எண்களாக மாற்றித் தரும் நடுத்தரக் கணிதர்கள்; கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்யும் பெருங்கூட்டம். மூன்றாம் அடுக்கில் பலர், பிரபுக்களின் தலையலங்காரம் வழக்கொழிந்ததால் வேலையிழந்த சிகை அலங்காரக்காரர்கள். இதை அறிந்த சார்லஸ் பாபேஜ், கூட்டல் கழித்தல் மட்டுமே செய்யும் மனிதருக்குப் பதிலாக இயந்திரத்தை வைத்துவிடலாம் என்று கருதி, 1822-இல் தம் வேறுபாட்டு இயந்திரத்தின் மாதிரியைக் காட்டினார். புதுச்சேரித் தரையில் சோழிகள் நகர்ந்த 1825-இல், லண்டனில் அந்த இயந்திரத்துக்கான பற்சக்கரங்கள் அரசுப் பணத்தில் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. ப்ரோனியின் முதல் அடுக்கு செய்த வேலையை வாக்கியம் இயற்றியவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டிருந்தனர் என்றும், மூன்றாம் அடுக்கு மட்டுமே புதுச்சேரியில் வாரனின் கண்ணில் பட்டது என்றும் கொள்வதே பொருந்தும்.

வாரனின் நூல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்து, பாபிலோனியக் களிமண் பலகைகளின் கணிதத்தை ஆராய்ந்த ஓட்டோ நாய்கபவர் 1952-இல் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையால் மீண்டும் உயிர்பெற்றது. 248 நாளில் ஒன்பது சுற்று என்ற கணக்கு பாபிலோனியப் பலகைகளிலும், 248-உம் 3,031-உம் இணைந்து வரும் கணக்கு ரோமானிய ஆட்சிக்கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டிலும், ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் நூலிலும் இருப்பதைச் சுட்டிய அவர், ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியின் கடைசிக் கண்ணி புதுச்சேரியில் 1825-இல் உயிரோடிருந்தது என்று வாதிட்டார். எண்கள் ஒத்துப்போவது உண்மை. எனினும் நிலவின் சுற்றுக்காலத்தை ஓரளவு நன்றாக அளந்த எவரும், அதை முழு எண் விகிதமாக்க முயன்றால், மேலே கண்ட பின்ன வரிசையின் வழியாக அதே 248-க்கும் அதே 3,031-க்கும் வந்து சேர்வார் என்பதால், ஒற்றுமையை மட்டும் கொண்டு யார் யாரிடம் பெற்றார் என்று அறுதியிட முடியாது. எண்ணை வாக்கியங்களில் அடைத்து மனப்பாடம் செய்யும் கலை தென்னாட்டில் தழைத்தது.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. 52 நிமிடப் பிழை அந்த விலையின் ஒரு பகுதி. எவராலும் இயக்கத்தக்க செய்முறையை இயக்குபவரால் பழுதுபார்க்க இயலாது. எண்கள் வானத்தை விட்டு விலகத் தொடங்கும்போது, எந்தத் துருவத்தில் எவ்வளவு திருத்தம் வேண்டும் என்று சொல்ல, கோட்பாடு அறிந்தவர்களும் தொடர்ந்து வானத்தை நோக்குபவர்களும் தேவை. கேரளத்தில் அத்தகைய மரபு நெடுங்காலம் அறாமல் இருந்தது: 683-இல் ஹரிதத்தர் தம் பரகித முறையால் செய்த திருத்தமும், பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் வாக்கியங்களை விகலைவரை கூர்மையாக்கியதும், பல பத்தாண்டுகள் கிரகணங்களை நோக்கிய பரமேசுவரர் 1431-இல் திருக்கணித முறையை அமைத்ததும் அதன் படிகள். தமிழகத்துப் பஞ்சாங்கக்காரர்களின் கையிலோ 1282-ஐ அடியாகக் கொண்ட நாள்தொகையே 1825-இலும் கழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர், சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த அவர், லெ ஜாந்தீக்குக் கைகூடாத அதே வெள்ளிக் கடப்பு 1874-இல் மீண்டும் நிகழவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டார். கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகும்படி எண்களைத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் அவர் கொண்டுவந்தார். அன்று தொடங்கிய வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்க வழக்கு தமிழ்நாட்டில் இன்றுவரை நீடிக்கிறது. கிரகணத்தின் பிழையைத் தெருவில் நிற்பவரும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்; ஒரு கோள் ராசியின் எல்லையைத் தாண்டியதைக் காட்ட வானத்தில் கோடு ஏதும் இல்லை. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20.